அயர்லாந்து வம்சமரத்தில் காணாமல்போன பிள்ளைகள்: எங்கே தேடுவது, எதற்குக் காசு கொடுப்பது?

"1911 கணக்கெடுப்புத் தாளில் அம்மாவின் பெயருக்கு நேராக, உயிரோடு பிறந்த பிள்ளைகள் 10, இப்போது இருப்பவர்கள் 7 என்று எழுதியிருக்கிறது. எங்களிடம் ஐந்து பேர் விவரம்தான் இருக்கிறது. மீதிப் பேரைக் கண்டுபிடிக்க டிஎன்ஏ சோதனைக்குப் போகலாமா, பதிவேட்டுத் தளத்துக்குச் சந்தா கட்டலாமா, இல்லை டப்ளினில் யாரையாவது வைத்துத் தேடலாமா?"

எண்கள் மாறும், கேள்வி இதேதான். கேட்பவர்களில் அயர்லாந்துப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தவர் உண்டு, அயர்லாந்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளுக்காக இரண்டு பக்கத்து வம்சத்தையும் எழுதிவைக்க நினைப்பவர்களும் உண்டு.

பதில் அந்தத் தாளிலேயே பாதி இருக்கிறது. பத்தில் ஏழு என்றால், 1911 ஏப்ரல் 2 அன்றைக்கு மூன்று பிள்ளைகள் இறந்துபோயிருந்தார்கள். கையில் இருக்கும் ஐவரும் அன்று உயிரோடு இருந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால், இன்னும் இரண்டு பேர் எங்கோ உயிரோடு இருந்திருக்கிறார்கள். ஆக இவை இரண்டு தனித்தனித் தேடல்கள். மூன்று வயதில் இறந்த குழந்தைக்கு வாரிசு கிடையாது, அதனால் டிஎன்ஏ சோதனை அங்கே எதையும் சொல்லாது. நியூயார்க்கில் குடும்பம் வைத்த அக்காளை அயர்லாந்து இறப்புப் பதிவேட்டில் எத்தனை இரவு உட்கார்ந்து தேடினாலும் வரமாட்டாள். இந்தப் பிரிவினையைச் செய்யாமலேயே கிரெடிட் கார்டை எடுப்பவர்கள்தான் அதிகம்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, பிறந்த ஆண்டு. அயர்லாந்தில் எல்லா மதத்தினரின் பிறப்பு, இறப்பு, திருமணத்தையும் அரசு பதியத் தொடங்கியது 1864 ஜனவரி 1 முதல்தான் (கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் மட்டும் 1845 முதல்). அதற்கு முன் பிறந்த குழந்தைக்குப் பங்குக் கோயில் ஏடுதான் கதி (கோயில் என்றால் இங்கே கிறிஸ்தவ தேவாலயம், பங்கு என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி). கணக்கெடுப்பு இருக்குமே என்று கேட்கலாம். 1821 முதல் 1851 வரையிலான தாள்கள், சில துண்டுகள் நீங்கலாக, 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயின. 1861, 1871 தாள்களை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டது, 1881-உம் 1891-உம் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கப்பட்டன. 1911 வரையிலான தாள்களில் நம் வேலைக்கு முழுசாக மிஞ்சியவை 1901, 1911 இரண்டும்தான்.

இரண்டாவது, எப்படிக் காணாமல் போனார் என்பது. இறந்திருக்கலாம், கப்பல் ஏறியிருக்கலாம். பிள்ளை இல்லாத சித்தப்பா வீட்டிலோ தாத்தா வீட்டிலோ இரண்டு மைல் தள்ளி வளர்ந்திருக்கலாம். அல்லது காணாமலே போகாமல் வேறு பெயரில் உங்கள் கண்ணெதிரே இருக்கலாம்: ஞானஸ்நானத்தில் பிரிட்ஜெட்டாக இருந்தவள் கணக்கெடுப்பில் டெலியா, ஹோனோரா என்பவள் நோரா, ஜெரமையா என்பவன் டார்பி.

மூன்றாவதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்: "கிடைக்கவில்லை" என்று வந்தால் அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு? சில இடங்களில் தேடிக் கிடைக்காவிட்டாலும் ஒரு விஷயம் உறுதியாகும். சில இடங்களில் கிடைக்காததற்கு அர்த்தமே கிடையாது, நேரம்தான் போகும். நான்காவது, பணமும் நேரமும் சேர்ந்த செலவு.

| வழி | எந்தப் பிள்ளைக்கு | "கிடைக்கவில்லை" என்றால் | மறைவான செலவு |
|---|---|---|---|
| அரசுப் பதிவு, கணக்கெடுப்பு | 1864-க்குப் பின் பிறந்தவர், இறந்தவர் | ஓரளவு மதிப்பு உண்டு | பொதுவான குடும்பப் பெயர் என்றால் இரவெல்லாம் போகும் |
| பங்குக் கோயில் ஏடுகள் | 1864-க்கு முன் பிறந்தவர் | ஏடு முழுசாக இருந்தால் நல்ல மதிப்பு | சந்தா, எழுத்தாக்கப் பிழைகள் |
| வெளிநாட்டு ஏடுகள் | கப்பல் ஏறியவர் | ஏறக்குறைய மதிப்பே இல்லை | ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் செலவு |
| டிஎன்ஏ | வாரிசு விட்டுப்போனவர் | மதிப்பு இல்லை | எதிர்பாராத குடும்ப ரகசியம் |
| ஆய்வாளர் | ஆன்லைனில் வராத ஏடுகள் | எங்கே தேடினார் என்பதைப் பொறுத்தது | இலவச ஏட்டுக்கும் மணிக்கூலி |

## அரசுப் பதிவும் கணக்கெடுப்பும்

எல்லோரும் இங்கேதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் இலவசம். ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படமே கிடைக்கிறது. வடக்கின் ஆறு மாவட்டங்களுக்கும் 1921 வரை இங்கேயே பார்க்கலாம், அதற்குப் பிறகு பெல்ஃபாஸ்ட் பதிவகத்தின் கட்டணத் தளத்துக்குப் போக வேண்டும்.

இறந்த மூவரைத் தேடும் முறை இது. பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் எழுதுங்கள். இரண்டு, இரண்டரை ஆண்டுக்கு ஒருவர் என்று வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஐந்து ஆண்டு இடைவெளி வந்தால் அங்கே ஒரு பிள்ளை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதா பாருங்கள். 1866-இல் ஒரு பேட்ரிக், 1871-இல் இன்னொரு பேட்ரிக் என்றால் முதலாமவன் நடுவில் இறந்துவிட்டான் என்றே எடுத்துக்கொண்டு தேடலாம், ஏனென்றால் தாத்தா பாட்டி பெயரை விட்டுவிட மனமில்லாமல் அடுத்த பிள்ளைக்கே வைப்பது அங்கே சாதாரணம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்ற வழக்கமும் பரவலாக இருந்ததால், வரிசையில் எந்தப் பெயர் விடுபட்டிருக்கிறது என்பதே ஒரு துப்பு.

கவனிக்க வேண்டிய சிக்கல், அயர்லாந்து இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. இறந்த இடம், வயது, நோய், அது எத்தனை நாள் இருந்தது, தகவல் தந்தவர் இவ்வளவுதான். ஆனால் குழந்தை என்றால் தொழில் என்ற கட்டத்தில் "கூலியாளின் மகன்", "விவசாயியின் குழந்தை" என்று எழுதியிருப்பார்கள், தகவல் தந்தவர் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவர் அல்லது பக்கத்து வீட்டுக்காரர். இடத்தின் பெயர், அதாவது டவுன்லேண்ட் எனும் சிறு நிலப்பிரிவின் பெயர், உங்களிடம் இருக்கும் முகவரியோடு ஒத்துப்போனால் ஏறக்குறைய முடிந்தது. கக்குவான், தட்டம்மை, ஸ்கார்லெட் காய்ச்சல், வலிப்பு இவைதான் திரும்பத் திரும்ப வரும். கெர்ரியில் சல்லிவன், டோனகாலில் கல்லஹர், கார்க்கில் மர்ஃபி என்று மாவட்டம் முழுக்கப் பரவிய குடும்பப் பெயர் என்றால் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான், வேறு வழி கிடையாது.

பிறப்பைத் தேடும்போது முதல் பெயரைக் காலியாக விட்டும் ஒருமுறை தேடுங்கள். பெயர் வைக்குமுன் பதிந்தவர்கள் ஆண், பெண் என்று மட்டும் ஏட்டில் நிற்பார்கள். கெடு தாண்டிப் பதிந்தால் அபராதம் என்பதால் தேதியைத் தள்ளிச் சொன்னவர்களும் உண்டு, எனவே பிறந்த நாளுக்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கிய குழந்தையைக் கண்டு இரண்டு பிள்ளைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 1864 முதல் 1881 வரையிலான பிறப்புகளுக்கு ஃபேமிலிசர்ச் தளத்து அட்டவணையில் பெற்றோர் பெயரும் சேர்ந்து வருவது பெரிய வசதி. அதுவும் இலவசம்.

கணக்கெடுப்பில், திருமணமானவர்களிடம் எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளை, எத்தனை பேர் உயிரோடு என்று 1911-இல்தான் கேட்டார்கள், 1901-இல் கேட்கவில்லை. விதவைகள் பதில் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் பலர் எழுதிக் கொடுத்தார்கள், பிறகு கணக்கெடுப்பாளர் கோடு போட்டு அடித்தார், அடித்தது இன்றும் படிக்கும்படி இருக்கிறது. உயிரோடு பிறந்தவர்களைத்தான் கேட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள். இறந்தே பிறந்த குழந்தை இந்த எண்ணில் வராது, அரசுப் பதிவிலும் வராது, அயர்லாந்தில் அதற்கென்று பதிவேடு தொடங்கியதே 1995-இல். பெற்றோரின் வயதை நம்பி எதையும் கணக்கிடாதீர்கள். 70 வயதானால் ஓய்வூதியம் என்று 1909 ஜனவரியில் வந்த பிறகு, பத்து ஆண்டில் பதினைந்து வயது கூடியவர்கள் ஏராளம்.

அந்த ஓய்வூதியத்தால் நமக்கு ஒரு புதையலும் கிடைத்தது. 1864-க்கு முன் பிறந்தவர்கள் வயதை நிரூபிக்க, 1841, 1851 தாள்களில் தங்கள் குடும்பத்தைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தார்கள். தாள்கள் எரிந்தன, ஆனால் தேடல் படிவங்கள் தப்பித்தன, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. சில படிவங்களில் தேடிய ஊழியர் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரையும் வயதோடு குறித்திருக்கிறார். 1840-களின் பிற்பகுதியில் வந்த பெரும் பஞ்சக் காலத்துக் குடும்பம் என்றால் சந்தா கட்டுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

"கிடைக்கவில்லை" என்பதன் மதிப்பு இங்கே ஓரளவுதான். தொடக்க ஆண்டுகளில் பலர் பதியவே இல்லை, குறிப்பாகச் சில நாட்களே வாழ்ந்த குழந்தைகளை. கணக்கெடுப்பிலும் மனநலக் காப்பகம், சிறை போன்ற இடங்களில் பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் இருப்பது வழக்கம்.

## பங்குக் கோயில் ஏடுகள்: படத்தைப் படிப்பதா, சந்தா கட்டுவதா

1864-க்கு முன் பிறந்த கத்தோலிக்கப் பிள்ளைக்கு இதைவிட்டால் வழியில்லை. அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் ஏட்டுப் படங்களை இலவசமாக வெளியிட்டது, பெரும்பாலும் 1880 வரை. பெயர் அட்டவணை கிடையாது, மைக்ரோஃபிலிமில் மங்கியதும் உண்டு, லத்தீன் வேறு: வில்லியம் என்பவர் குலியேல்மஸ், ஜேம்ஸ் என்பவர் யாக்கோபஸ். பயப்பட வேண்டாம், ஒரு மாலைக்குள் பழகிவிடும்.

கட்டணத் தளங்களில் மாவட்ட மையங்கள் சேர்ந்து நடத்தும் ரூட்ஸ்அயர்லாந்தும், ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி இரண்டும் முக்கியமானவை. காசுக்கு உண்மையான பலன் எது என்றால், பிள்ளையின் பெயரைக் காலியாக விட்டு அப்பாவின் பெயரையும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் மட்டும் கொடுத்துத் தேடலாம். அந்தத் தம்பதியின் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள், நீங்கள் கேள்விப்படாத பெயர் உட்பட.

அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். கெர்ரி, கார்லோ, டப்ளின் நகரம், கார்க்கின் தென்மேற்குப் பகுதி ஆகியவற்றின் பல கோயில் பதிவுகள் மேலே சொன்ன அரசுத் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. மற்ற மாவட்டங்களுக்கு, எந்தப் பங்கு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற பட்டியலைத் தளத்திலேயே பார்த்துவிட்டுக் கட்டுங்கள். மேற்குக் கரையில் பஞ்சத்துக்குப் பிறகே தொடங்கும் ஏடுகள் பல. 1840-இல் பிறந்தவரை 1855-இல் தொடங்கும் ஏட்டில் தேடச் சந்தா கட்டினால் யாரைக் குறை சொல்வது?

என் கருத்து: பங்கு தெரியும், கிராமம் சின்னது என்றால் காசு வேண்டாம், படத்தை உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படியுங்கள், கல்யாணத்திலிருந்து 25 ஆண்டுக்கு. அட்டவணைக்காரர் தவறாகப் படித்த குடும்பப் பெயர் உங்கள் கண்ணுக்குத் தப்பாது, ஞானப்பெற்றோராக நின்றவர்களின் பெயர்களிலிருந்து அத்தை மாமா யார் என்பதும் தெரியும். ஊரே தெரியாது, மாவட்டம் மட்டும்தான் தெரியும் என்றால் ஒரு மாதச் சந்தா நியாயமானது. ஆண்டுச் சந்தா வேண்டாம், பட்டியலைத் தயார் செய்து வைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம்.

மூத்த பிள்ளை மட்டும் வரவில்லையா? அம்மா பிறந்த ஊரின் பங்கைப் பாருங்கள். நம்மூர்த் தலைப்பிரசவம் போலவே, முதல் குழந்தையின் ஞானஸ்நானம் அம்மாவின் ஊர்க் கோயிலில் நடந்திருப்பது அங்கேயும் அடிக்கடி தென்படும்.

ஏடு இடைவெளியில்லாமல் இருந்து, பக்கம் பக்கமாகப் படித்தும் இல்லை என்றால், அந்தப் பங்கில் ஞானஸ்நானம் நடக்கவில்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். பிறப்புக்கு இது. இறப்புக்கு இப்படிச் சொல்லவே முடியாது, ஏனென்றால் கத்தோலிக்கக் கோயில்களில் அடக்கப் பதிவு வைத்திருந்தது குறைவு. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைக் கோயில் கல்லறையில் புதைக்காமல் கில்லீன் எனப்படும் தனி நிலத்தில் புதைத்தார்கள், அதற்கு ஏடே இல்லை. 1864-க்கு முன் இறந்த குழந்தைக்கு ஞானஸ்நான வரி ஒன்றுதான் உலகில் மிஞ்சிய எழுத்து என்பது பல குடும்பங்களில் நடந்தது. சர்ச் ஆஃப் அயர்லாந்து எனும் புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பம் என்றால் நிலைமை இன்னும் மோசம், அவர்களின் ஏடுகளில் பெரும்பகுதி 1922 தீயில் போய்விட்டது.

## கடல் கடந்த ஏடுகள்

உயிரோடு இருந்த இருவருக்கு இதுதான் பாதை. அயர்லாந்திலிருந்து கிளம்பிய பட்டியலைத் தேடிப் பயனில்லை, பிரிட்டிஷ் துறைமுகங்களின் வெளிச்செல்லும் பயணியர் பட்டியல்கள் காப்பகத்தில் இருப்பது 1890 முதல். போய்ச் சேர்ந்த பட்டியலிலும் பெரும்பாலும் "அயர்லாந்து" என்று மட்டும் இருக்கும். எனவே கப்பலை விட்டுவிட்டு அந்த ஆள் அங்கே செத்துப்போன ஏட்டைத் தேடுங்கள், சொல்லக் கொஞ்சம் கொடூரமாக இருந்தாலும்.

நாட்டுக்கு நாடு தரம் மாறும். ஸ்காட்லாந்தில் 1855 முதல் இறப்புப் பதிவில் அப்பா பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும், படத்துக்குச் சின்னக் கட்டணம். டோனகால் குடும்பம் என்றால் அமெரிக்காவுக்கு முன் கிளாஸ்கோவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இறப்புச் சான்றிதழ்கள் இன்னும் விரிவானவை: பெற்றோர், பிள்ளைகள், அங்கே வந்து எத்தனை ஆண்டு என்பது வரை. 1848–1850-இல் ஒர்க்ஹவுஸ் எனும் ஏழை விடுதிகளிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஏர்ல் கிரே திட்டத்தில் அங்கே அனுப்பினார்கள், பஞ்ச காலத்தில் மறைந்த பதின்வயதுப் பெண் அந்தப் பட்டியலில் இருக்கலாம். அமெரிக்காவில் 1900, 1910 கணக்கெடுப்புகளிலும் பிள்ளை எண்ணிக்கைக் கேள்வி உண்டு. நியூயார்க்கில் இறங்கியவர் என்றால் எமிகிரன்ட் சேவிங்ஸ் வங்கியின் கணக்கேடுகளில் சொந்த ஊர், பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் பெயர்கூட வரும். பாஸ்டனின் பைலட் பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. அண்ணனைத் தேடித் தங்கை கொடுத்த விளம்பரத்தில் பங்கின் பெயர் இருந்துவிட்டால் மற்ற எல்லா ஏடும் திறந்துகொள்ளும்.

மகன் காணவில்லை, பிறப்பு 1800-க்கும் 1840-க்கும் நடுவில் என்றால் சென்னையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்களில் அந்தக் காலத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் அயர்லாந்துக்காரர்கள், மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படைதான் 1881-இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் ஒரு பட்டாலியனாக மாறியது. மெட்ராஸ் மாகாணத்துக் கோயில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, படங்கள் ஃபைண்ட்மைபாஸ்டில். அடக்கப் பதிவில் அயர்லாந்துப் பெற்றோர் பெயர் இருக்காது. கம்பெனியின் ஆள்சேர்ப்பு ஏடுகளில்தான் பிறந்த இடம் கிடைக்கும், அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் உறுதியாவார்.

## டிஎன்ஏ

அயர்லாந்தில் தேடினால் யாரும் இல்லை, எந்த நாட்டுக்குப் போனார் என்றும் தெரியாது என்ற நிலையில் இதற்கு ஈடு இல்லை. 1850-களில் பிறந்த ஒருவரின் எள்ளுப்பேரனும் அவர் தங்கையின் எள்ளுப்பேரனும் நான்காம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவினர்கள், அவ்வளவு தூரத்தில் பாதிப் பொருத்தங்கள் தவறிப்போகும். ஆகவே சோதிக்க வேண்டியது உங்களை அல்ல, வீட்டில் உயிரோடு இருக்கும் மிக மூத்தவரை, பாட்டி இருந்தால் பாட்டியை. ஒரு சோதனைக்குத்தான் காசு என்றால் ஆன்செஸ்ட்ரி என்பேன், அமெரிக்கப் பொருத்தங்கள் அங்கே அதிகம், அதோடு வேறு இடத்தில் செய்த சோதனையின் தரவை அது ஏற்பதில்லை.

மேற்குக் கரை, தீவுகள் என்றால் ஒரு எச்சரிக்கை: தலைமுறை தலைமுறையாக ஊருக்குள்ளேயே கல்யாணம் நடந்ததால் பொருத்தம் உண்மையைவிட நெருக்கமாகத் தெரியும். அப்புறம், நீங்கள் தேடாத அப்பா, நீங்கள் கேள்விப்படாத அரைச்சகோதரி எல்லாம் வந்து நிற்கலாம். பாட்டியிடம் துப்புவதற்குக் குழாயை நீட்டுமுன் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் முறை.

## ஆய்வாளரை வைத்துக்கொள்வது

மேலே உள்ள இலவச வேலையை முடிக்காமல் இதற்குப் போனால், நீங்களே பார்த்திருக்கக்கூடிய ஏட்டுக்கு மணிக்கூலி கொடுப்பீர்கள். முடித்த பிறகு போனால் நல்ல பலன் உண்டு: டப்ளினின் முன்னாள் மதிப்பீட்டு அலுவலகத்தின் நிலப் புத்தகங்கள் (அப்பாவின் நிலம் யார் பெயருக்கு மாறியது என்பது), 1708 முதலான பத்திரப் பதிவகம், மாவட்ட நூலகங்களில் இருக்கும் ஒர்க்ஹவுஸ் ஏடுகள், 1880-க்குப் பிறகு பங்குத்தந்தையிடமே இருக்கும் ஏடுகள். அக்ரெடிடட் ஜீனியாலஜிஸ்ட்ஸ் அயர்லாந்து அமைப்பின் உறுப்பினர் பட்டியலிலிருந்து, உங்கள் மாவட்டத்தில் வேலை செய்தவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

"எங்கள் வம்சத்தைக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். எந்தப் பிள்ளை, எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் நடுவில், எந்த டவுன்லேண்ட், இதுவரை எந்தெந்த ஏட்டைப் பார்த்தாயிற்று என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள், மணி வரம்பும் போடுங்கள். அறிக்கையில் கிடைத்தவை மட்டும் போதாது, பார்த்தும் கிடைக்காத ஏடுகளின் பெயரும் ஆண்டும் எழுதித் தரவேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வைக்கும் ஆள் அதே ஏட்டை மறுபடி திறப்பார், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள்.